கும்பினி எழுதிய தலையெழுத்து

நான்கு செய்திகள். ஆளின் பெயர், செய்த குற்றம், தீர்ப்பு வந்த நாள், தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம். ஆயுள் தண்டனை பெற்றவனின் நெற்றியில் இந்த நான்கையும் அவனவன் வட்டார மொழியில் பச்சை குத்தவேண்டும் என்று கிழக்கிந்தியக் கும்பினியின் வங்காள அரசு 1797இல் விதி போட்டது. 1802இல் சென்னை மாகாணமும் அதைப் பின்பற்றியது. படிக்கத் தெரிந்தவன் எவனும் எதிரே வருகிறவனின் முகத்தைப் பார்த்தே அவன் வழக்கைத் தெரிந்துகொள்ளலாம்.

இதை முதலில் படித்தபோது எனக்கு நினைவு வந்தது வேலை விண்ணப்பப் படிவம். சிங்கப்பூரின் சாங்கிச் சிறையிலிருந்து வெளியே வந்த புதிதில் நான் நிரப்பிய படிவங்கள் எல்லாவற்றிலும் ஒரு கட்டம் இருக்கும்: குற்றவாளி என எப்போதாவது தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா? உண்டு என்றால் விவரம் தருக. விவரம் என்றால் இதே நான்குதான். அதற்கு விட்டிருக்கும் கோடு ஒரு நெற்றி அகலம்கூட இருக்காது. நிரப்பிக் கொடுத்த எந்த நிறுவனமும் என்னைத் திரும்ப அழைத்ததில்லை. இப்போது சொந்தமாகச் சுண்ணம், சாயம், பூச்சு வேலை எடுத்துச் செய்கிறேன். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலைகளும் வரும். அந்தச் சுவர்கள் வழியாகத்தான் இந்தக் கதைக்குள் நான் வந்தேன்.

பச்சை குத்துவது நமக்குப் புதிதல்ல. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த என் பாட்டியின் முன்கையில் ஒரு கோலம் இருந்தது. ஊருக்கு வந்த குறத்தி குத்திவிட்டது என்பாள். கல்யாணத்துக்கு முன் குத்திக்கொள்ளாத பெண்ணை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களாம். அழகுக்கும் கண்ணேறுக்கும் இருந்த அந்த ஊசியைக் கும்பினிக்காரன் எடுத்து நீதிமன்றத்தின் கையில் கொடுத்தான். அவமானப்படுத்துவது மட்டும் அவன் நோக்கமில்லை. கடல் கடத்தப்பட்டவன் தப்பி ஓடினால் பிடிக்கவேண்டும். புகைப்படமும் கைரேகைப் பதிவும் இல்லாத காலம். பெயரை மாற்றிச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே முகத்தையே பதிவேடாக்கினான். பச்சை குத்தப்பட்டவர்கள் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டார்கள் என்று குறிப்புகள் இருக்கின்றன.

எனக்கு அது நன்றாகப் புரிகிறது. என் இடது கையில், தோளிலிருந்து முழங்கை வரை, ஒரு கும்பலின் அடையாளம் இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்திக் குத்தவில்லை. பதினேழு வயதில் நானே காசு கொடுத்துக் குத்திக்கொண்டது. சிங்கப்பூர் வெயிலில் சாரத்தின் மேல் நின்று நீளக்கைச் சட்டையோடு வேலை செய்யும் என்னை, ‘வெயில் ஆகாதா அண்ணே?’ என்று பையன்கள் கேட்பார்கள். ஆகாது என்றுதான் சொல்வேன்.

தமிழ்நாட்டிலிருந்து இந்தக் கடல்வழியாக அனுப்பப்பட்டவர்களில் நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கூட்டம் உண்டு. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட சில மாதங்களில், 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். துரைசாமி அப்போது சிறுவன். இவர்களுக்கு இன்று பாட்டும் நாடகமும் ஆண்டு விழாவும் உண்டு. இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதே பாதையில், அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில், திருடியவன், வழிப்பறி செய்தவன், வரப்புச் சண்டையில் அரிவாளை எடுத்தவன் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்களுக்கு நாடகம் போட ஆளில்லை. சிறைக்குப் போனவர்களில் தியாகி என்றும் கைதி என்றும் இரண்டு சாதி பிரித்து வைத்திருக்கிறோம். தியாகிக்கும் அந்தப் பிரிவினை எப்போதும் கைகொடுத்ததில்லை: செக்கிழுத்த வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமை பறிபோயிருந்தது; வரவேற்கக் கூட்டமும் இல்லை. மாலை எல்லாம் பிற்பாடு வந்தது.

சிங்கப்பூருக்குக் கைதிகள் வந்தது ஒரு நிலப் பரிமாற்றத்தால். சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்த பென்கூலனில் ஆங்கிலேயருக்கு ஒரு கோட்டை இருந்தது; இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களை அங்கேயும் வைத்திருந்தார்கள். பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1818இல் பென்கூலன் போனபோது ஏறக்குறைய 500 பேர் இருந்தார்கள். அவர்களை அவர் மூன்று வகுப்பாகப் பிரித்தார். முதல் வகுப்புக்காரன் நிலத்தில் குடியேறலாம், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம். இரண்டாம் வகுப்பு வழக்கமான வேலைக்கு. மூன்றாம் வகுப்பு அடங்காதவர்களுக்கு. சாட்சி சொல்லலாம் என்பது சின்னச் சலுகையாகத் தெரியலாம். உள்ளே போய் வந்தவனைக் கேளுங்கள். உன் சொல்லை நம்புகிறேன் என்று அரசாங்கமே எழுதிக் கொடுப்பது லேசான காரியமில்லை. சிங்கப்பூரில் ராஃபிள்ஸுக்குச் சிலையும் ஹோட்டலும் இருக்கின்றன. அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான்.

1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஒப்பந்தம் போட்டு இடங்களை மாற்றிக்கொண்டார்கள். பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. கைதிகளை என்ன செய்வது? பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்தார்கள். 1825 ஏப்ரல் 18ஆம் தேதி ‘ஹொரேஷியோ’ என்ற கப்பலில் முதல் கூட்டம் சிங்கப்பூரில் இறங்கியது. அந்த 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். ஊர் தொடங்கி ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. சதுப்பு, காடு, நடுவே ஓர் ஆறு.

பிறகு அவர்கள் செய்த வேலைகளைப் பட்டியல் போட்டால் நகரத்தின் வரைபடமே வந்துவிடும். 1833இல் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் கைதிகளின் மேற்பார்வையாளரானார். சதுப்பை மேடாக்கியதும் சாலைகளை இழுத்ததும் அவர் கீழ் வேலை செய்த கைதிகள். சிராங்கூன் சாலைப் பக்கம் அவர்களுக்கென்று செங்கல் சூளை இருந்தது; அங்கே அறுத்த செங்கல் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் அவர்கள் உழைப்பு. தங்களைப் பூட்டிவைத்த பிராஸ் பாசா சிறையையும் அவர்களே கட்டிக்கொண்டார்கள். கவர்னர் மாளிகையாக 1867இல் தொடங்கி 1869இல் முடித்தது இன்றைக்கு அதிபரின் இஸ்தானா. தீபாவளித் திறந்த இல்ல நாளில் பட்டுச்சேலையும் வேட்டியுமாக நம்மவர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். காட்டோரம் புலிகள் ஆட்களை அடித்துத் தின்றுகொண்டிருந்த காலத்தில் கைதிகளிடமே துப்பாக்கியைக் கொடுத்துப் புலி வேட்டைக்கு அனுப்பியதும் உண்டு. துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவன் திரும்பி வருவான் என்று நம்பியிருக்கிறார்கள், வந்தும் இருக்கிறார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், அது என் தொழில் சம்பந்தப்பட்டது. மெக்ஃபர்சன் என்ற ராணுவப் பொறியாளர் வரைபடம் போட்டார். 1856இல் அடிக்கல், 1862 ஜனவரியில் அர்ச்சிப்பு. உள்சுவருக்குப் பூசியது சென்னைச் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்புச் சர்க்கரை, இவற்றைக் கூழாகும்வரை அடித்து, தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீரை அதில் சேர்ப்பார்கள். பூசிக் காய்ந்த பிறகு வழுவழுப்பான கல்லைக் கொண்டு தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும்; அவ்வப்போது மாக்கல் பொடி தூவவேண்டும். சளைக்காமல் தேய்த்தால் சுவர் பளிங்கைப் போலப் பளபளக்கும். நடுவில் விட்டுவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். அதை மறைக்க வழியே இல்லை. அடிக்குப் பயந்தவன் கை இதைச் செய்யாது. தொழிலில் ரோசம் உள்ள கைதான் செய்யும்.

என்னிடம் வேலை செய்த காரைக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவனிடம் இந்தப் பக்குவத்தைச் சொன்னேன்.

“இது எங்க ஊரு முட்டைப் பூச்சுண்ணே,” என்றான். “செட்டியார் வீட்டுத் தூண்ல மொகம் பாக்கலாம். இங்க யாரு வந்து செஞ்சது?”

“கைதிங்க.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அது சரி. அதுக்கு முன்னாடி என்ன வேல பாத்தாங்க?”

இந்தக் கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. கைதி என்று எழுதியதும் அதற்கு முந்தையது எல்லாம் அழிந்துவிடுகிறது. ஆனால் சிலர் ஊரிலேயே கொத்து வேலையோ தச்சு வேலையோ தெரிந்து வந்திருக்கவேண்டும். மற்றவர்கள் பிராஸ் பாசா சிறைப் பட்டறைகளில் கற்றார்கள். கொல்லு, தச்சு, நெசவு, அச்சு வேலை எல்லாம் அங்கே நடந்தது.

அந்தச் சிறையின் நடைமுறையை அதன் அதிகாரியாக இருந்த மெக்நேர், பேலிஸ் என்பவரோடு சேர்ந்து 1899இல் ஒரு புத்தகமாக எழுதினார். கைதிகளே தங்களுக்குக் காவலர் என்பது புத்தகத்தின் தலைப்பு. தலைப்பில் மிகையில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கட்டுப்படியாகாததால், நன்னடத்தைக் கைதிகளையே வார்டராக்கினார்கள். ஆறு வகுப்புகள், புதிதாக வந்தவன் காலில் விலங்கோடு தொடங்குவான், ஆண்டுகள் ஓட ஓட விலங்கு கழலும், பிறகு அவனே மற்றவரை மேய்ப்பான், கடைசியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குள் தனியாகத் தொழில் செய்து பிழைப்பான். மெக்நேர் தன் முறையைப் பற்றித் தானே பெருமையடித்துக்கொள்கிறார் என்பதைக் கழித்துக்கொண்டு படித்தாலும், ஒன்று மட்டும் தெளிவு: கைதி ஒருநாள் கைதியாக இல்லாமல் போவான் என்ற கணக்கில் அந்த ஏணி அமைந்திருந்தது. இந்தியாவில் நெற்றியில் அழியாமல் எழுதி அனுப்பிய அதே அரசாங்கம், இங்கே படிப்படியாக ஏறிப்போ என்றது. இரண்டு கைக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை போலும்.

நெற்றியில் பச்சை குத்தும் தண்டனையை 1849இல் நிறுத்தினார்கள். தீர்ப்பே தவறென்று பின்னால் தெரிந்தால் நெற்றியை என்ன செய்வது, மன்னிப்புக் கிடைத்தவன் எந்த முகத்தோடு வேலை கேட்பான் என்று யோசிக்க அவர்களுக்கு அரை நூற்றாண்டு ஆனது. அதற்குள் குத்தப்பட்டவர்களுக்கு நிறுத்தியதால் பயன் ஒன்றுமில்லை, சாகும்வரை சுமந்தார்கள். நிறுத்தியதும் அடையாளம் போய்விட்டதா என்றால், இடம் மாறியது. மெக்நேருக்குப் புகைப்படத்தில் ஆர்வம். சிங்கப்பூர்ச் சிறையில் கைதிகளைப் படம் பிடித்து வைக்கும் வழக்கம் வந்தது. வங்காளத்தில் 1858இல் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒப்பந்தத் தாளில் ஒருவரின் கையை மையில் தோய்த்துப் பதியவைத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகமே திறந்துவிட்டார்கள். நெற்றியிலிருந்து தாளுக்கு, தாளிலிருந்து இப்போது கணினிக்கு. தலைப்பாகையால் மறைக்க முடிந்த காலமே தேவலை என்று சில நாள் தோன்றும்.

ஊர்க்காரர்களின் மனசு எப்படி இருந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம், அதில் புதுமை ஒன்றுமில்லை. சாலை வேண்டியிருந்தவரை ஐரோப்பிய வணிகர்களுக்குக் கைதிகளால் தொல்லையில்லை. ஊர் வளர்ந்து சாலைகளும் போட்டு முடிந்த பிறகு, எங்கள் துறைமுகத்தை ஏன் இந்தியாவின் குப்பைத்தொட்டி ஆக்குகிறீர்கள் என்று பேச்சு மாறியது. 1857இல் வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்த செய்தி வந்ததும் பயமும் சேர்ந்துகொண்டது. 1867இல் சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு மூன்றும் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. 1873இல் எஞ்சிய கைதிகளை அந்தமானுக்கு மாற்றினார்கள். அனுமதிச் சீட்டு வாங்கியவர்களும் விடுதலையானவர்களும் இங்கேயே தங்கினார்கள். பால் கறந்தார்கள், மாட்டு வண்டி ஓட்டினார்கள், தோட்டம் போட்டார்கள், பெட்டிக்கடை வைத்தார்கள். கல்யாணம் கட்டிக் குடும்பமானார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் காணாமல் போகிறார்கள். கொள்ளைநோய் எதுவும் வந்து அழியவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். சிராங்கூன் சாலையில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களில் யாராவது அந்த வழியில் வந்தவராக இருக்கலாம், அவருக்கே தெரியாது. எங்கள் கொள்ளுத்தாத்தா ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளைக்குச் சொந்தம் என்று காப்பிக்கடையில் அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைதிக் கப்பலில் வந்தவரின் பேரன் நான் என்று சொன்ன ஒரு தமிழரை இந்த வயது வரை நான் சந்திக்கவில்லை. என் பாட்டி தேக்காவில் சில பழைய குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் குரலைத் தணித்துக்கொள்வாள். “அவங்க ரொம்ப முந்தி வந்தவங்க,” என்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்டால் வேலையிருக்கிறது என்று எழுந்துபோவாள்.

ஆஸ்திரேலியாவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் மூடி மறைத்தார்கள். கைதி வம்சம் என்பது அங்கே ‘கறை’யாக இருந்தது. இப்போது தலைகீழ்: முதல் கப்பல்களில் வந்த முன்னோரைத் தேடிப்பிடித்துப் பெருமைப்படுகிறார்கள்; கைதிகள் இருந்த 11 இடங்களை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. அங்கே கைதியின் பேரன் நாட்டுக்குச் சொந்தக்காரனாகிவிட்டான், ஆகவே கதையையும் தன் இஷ்டப்படி எழுதிக்கொண்டான். இங்கே இந்தியக் கைதிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. கூடவே, நமக்குக் கல்யாணச் சந்தை என்று ஒன்று இருக்கிறது. அதில் மூன்று தலைமுறைக்கு முந்திய கதையும் விலையைக் குறைக்கும்.

நான் உள்ளே இருந்த ஆண்டுகளில் என் அம்மா சொந்தக்காரர்களிடம் மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறான் என்று சொல்லியிருந்தார். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். நான் வெளியே வந்ததும் ஜொகூரில் சம்பளம் எப்படி, கம்பெனி எது என்று சித்தப்பா கேட்டார். அவருக்கு உண்மை தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருவரும் பொய்யைச் சீராக நடத்தி முடித்தோம். அக்கா கல்யாணம் நல்லபடி நடந்தது. இதற்காக அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1873இல் விடுதலைச் சீட்டோடு வெளியே வந்த ஒரு மனிதரின் மனைவியும் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு ஜொகூரைச் சொல்லித்தான் வளர்த்திருப்பாள். அப்படிப் பல வீடுகளில் சொல்லிச் சொல்லித்தான் ஒரு கூட்டமே மறைந்தது.

அரசாங்கம் இப்போது முன்போல இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு மறுவாய்ப்புக் கேட்கும் மஞ்சள் நாடாத் திட்டம் 2004இல் வந்தது. சட்டையில் நாடா குத்திய அமைச்சர்களையும் முதலாளிகளையும் தொலைக்காட்சியில் பார்த்தேன். அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள்: மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைத் தண்டனை என்றால், ஐந்தாண்டு எந்தக் குற்றமும் செய்யாமல் இருந்தவன் தன் பதிவு தீர்ந்துபோனதாகக் கருதலாம், தண்டனை உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லலாம். நல்ல சட்டம். பல பையன்கள் அதனால் தலை நிமிர்ந்தார்கள். என் தண்டனை அதைவிட நீளம். அந்தக் கதவு என் உயரத்துக்கு வெட்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு சிங்கப்பூர்த் தமிழ் முன்னோடிகள் பற்றிக் கண்காட்சி வைத்தது. பலகைகள் நிறுத்தும் வேலை எனக்கு வந்தது. பொறுப்பாளர் வயதானவர், மரியாதையான மனிதர். முதல் பலகையில் 1825ஐப் போடலாமே ஐயா, நம் மாகாணத்து ஆட்கள் 80 பேர் வந்து இறங்கிய நாள் தெரிகிறது, கப்பல் பெயர்கூடத் தெரிகிறது என்றேன். அவர் கோபிக்கவில்லை. கேட்டுக்கொண்டார்.

“விஷயம் சரிதான் தம்பி. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்ற இடம். மத்த இனத்துக்காரங்களும் வருவாங்க. நாமே எடுத்துக் கொடுக்கணுமா?”

நான் கை மடிப்பைச் சரிசெய்துகொண்டு பலகையைத் தூக்கினேன். பலகைகளில் வணிகர்கள் இருந்தார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள், ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். தேவாலயத்தின் படமும் சாலைகளின் படமும் போட்டிருந்த பலகையில் ‘இந்தியத் தொழிலாளர்கள்’ என்று எழுதியிருந்தது. அதற்கும் நான்தான் சட்டம் அடித்து, சாயம் பூசிக் கொடுத்தேன். கூலியை அன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்துவிட்டார்கள். படிவம் எதுவும் நிரப்பச் சொல்லவில்லை.